வெர்னியர் வெச்சு அளந்த பைனாகுலரும் நாலு குளமும்

போன வருசம் ஊட்டியிலிருந்து திரும்பும்போது ரோட்டோரத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 30×60 என்று போட்டிருந்தது. முன் கண்ணாடி ரெண்டும் மாணிக்கக் கல் மாதிரி செவப்பு. 1,500 சொன்னார், 900-க்கு முடித்து, ஜெயித்த சந்தோசத்தில் வண்டி ஏறினேன். வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் நின்று பார்த்தால் அடுத்த தெரு தண்ணித் தொட்டி ரெண்டாகத் தெரிந்தது.

கோயமுத்தூர் கணபதியில் எனக்குக் கடைசல் பட்டறைங்க. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைவதுதான் சோலி. எதையும் அளந்து பார்க்காமல் விடுகிற கை இல்லை இது. மறுநாள் பட்டறையில் வெர்னியரை, அதான் நுணுக்கமாக அளக்கிற காலிப்பரை, எடுத்து முன் கண்ணாடியை அளந்தேன். 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 22 இருந்தது.

பைனாகுலரில் போடுகிற ரெண்டு எண்ணில் முதலாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, ரெண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வைத்தால், கண் வைக்கிற பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். முன் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் நிஜமான மடங்கு வந்துவிடும். செவப்புக் கண்ணாடியில் வட்டம் 2.75. இருபத்திரண்டை அதால் வகுத்துப் பாருங்க, எட்டு. ஆக நான் வாங்கியது 30×60 இல்லை, 8×22. மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

இந்த ஐப்பசி மழையில் நொய்யலில் தண்ணி வந்ததும், குளங்களில் வாத்து இறங்கிவிட்டது என்று பட்டறைக்கு வருகிற ஒருத்தர் சொன்னார். பையனுக்கு 9 வயசு, பாப்பாவுக்கு 6. ஞாயித்துக்கெழமை ஆனால் ரெண்டு பேரும் போனைப் பிடுங்கிக்கொண்டு சண்டை. சரி, நல்லதாக ஒண்ணு வாங்கிவிடலாம் என்று டவுனில் ஒரு கேமரா கடைக்குப் போனேன், பையில் வெர்னியரோடு.

கடைக்காரர் 10×42-ஐத்தான் எடுத்து நீட்டினார். "பத்து வாங்குங்க சார், பெருசாத் தெரியும்." பெருசாகத் தெரியும்தான், கை நடுக்கமும் பத்து மடங்கு பெருசாகத் தெரியும். 8×42 ஒண்ணையும் கேட்டு வாங்கி, ரெண்டையும் மாத்தி மாத்தி வைத்து எதிர்ச் சுவரில் இருந்த போர்டைப் படித்தேன். பத்தில் எழுத்து துள்ளிக்கொண்டே இருந்தது. எட்டில் நின்றது. 600 மீட்டர் தள்ளி நிற்கிற பறவை 75 மீட்டரில் நிற்கிற மாதிரித் தெரிந்தால் எங்க ஊர்க் குளங்களுக்குப் போதாதா? அது போக, எட்டில் ஒரே பார்வைக்கு அதிக அகலம் தெரியும். இதன் அட்டையில் 1,000 மீட்டரில் 129 மீட்டர் அகலம் என்று போட்டிருக்கிறது. சின்னப் பசங்க குருவி எங்கே எங்கே என்று தேடுகிறபோது இந்த அகலம்தான் கைகொடுக்கும்.

வட்டத்தையும் அளந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். 5.2 இருந்தது. நாப்பத்திரண்டை எட்டால் வகுத்தால் 5.25, சுத்தம். வட்டத்தின் ஓரம் சதுரமாக வெட்டின மாதிரி இல்லாமல் முழு உருண்டையாக இருந்தது. ஓரம் மங்கி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் உள்ளே இருக்கிற பிரிஸக் கண்ணாடி மட்டமான சரக்கு என்று அர்த்தம். 8,400 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன். பட்டறைத் தராசில் எடை 665 கிராம். கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. பின்னாடி கொஞ்சம் திட்டப் போகிறேன்.

கார்த்திகை பொறந்த முதல் ஞாயிறு. வெடியால அஞ்சரைக்கு ஆம்னியில் கிளம்பினோம். நான், ஊட்டுக்காரி, பசங்க ரெண்டு பேர், எங்கம்மா. அம்மாவுக்கு 71. போன வருசம் இடது கண்ணில் புரை எடுத்தாச்சு, வலது கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. "எனக்கென்ன கண்ணு தெரியப் போவுது, கண்ணம்பாளையத்துல எங்கண்ணனைப் பாத்து மூணு மாசமாச்சு, அதுக்கு வர்றேன்" என்று சொல்லித்தான் ஏறினாங்க.

முதலில் கிருஷ்ணாம்பதி. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரிகிற வாய்க்கால் தண்ணி வந்து சேருகிற குளங்களில் ஒண்ணு. பனி லேசாகத் தண்ணி மேல் நின்றது, கரையில் நடைக்கு வந்தவங்க நாலைந்து பேர். வெயில் முதுகில் விழுகிற பக்கமாகப் பார்த்து நின்றோம். இது ரொம்ப முக்கியங்க. சூரியனைப் பார்த்து நின்றால் லட்ச ரூபாய் பைனாகுலரிலும் எல்லாப் பறவையும் கருப்புதான்.

முதல் சண்டை அங்கேயே தொடங்கியது. அஞ்சு பேருக்கு ஒரு பைனாகுலர். பையன் கையில் கொடுத்தால் பாப்பா அழுகை, பாப்பா கையில் கொடுத்தால் அவன், "அப்பா, அவ வானத்தையே பாக்கறா." ஊட்டுக்காரி கண்ணாடி போடுகிறவள். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சாவித் துவாரத்துல பாக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். தப்பு என்னுடையது. கண் வைக்கிற இடத்தில் இருக்கிற ரப்பர்க் கிண்ணத்தைத் திருகி உள்ளே இறக்கணும் கண்ணாடிக்காரங்களுக்கு. வெறும் கண்ணில் பார்க்கிறவங்களுக்கு அதே கிண்ணத்தை வெளியே ஏத்தணும். இதில் அந்தத் திருகல் நல்லா இருக்கிறது, நடுவில் ரெண்டு இடத்தில் டக் டக் என்று நிற்கிறது. இறக்கினதும் முழு வட்டமும் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் திருப்பித் தரவே இல்லை. நீலச்சிறகி ஒரு கூட்டம், முப்பது நாப்பது இருக்கும், தூங்கிக்கொண்டு மிதந்தது. வடக்கே ஐரோப்பா, சைபீரியாப் பக்கமிருந்து பறந்து வருகிற வாத்து. ஆண் பறவையின் புருவத்தில் இருக்கிற வெள்ளைக் கோடு இந்த மாசத்தில் சரியாகத் தெரியாது, இறகு மாத்திக்கொண்டிருக்கிற காலம். எல்லாம் ஒரே மண்ணு நிறம். ஊட்டுக்காரிக்கு ஏமாற்றம். "இதுக்கா இத்தனை தூரம் வந்துது?" என்றாள். வாத்தைச் சொன்னாளா எங்களைச் சொன்னாளா தெரியவில்லை.

அம்மா வேண்டவே வேண்டாம் என்றாங்க. கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்தேன். "புகையாத் தெரியுது கண்ணு, இந்தா." அப்பத்தான் வலது கண் பக்கம் இருக்கிற சின்ன வளையம் ஞாபகம் வந்தது. அது எதற்கு இருக்கிறது என்று வாங்குகிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நம்ம ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்காதில்லையா, அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான். முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கணும். பிறகு சக்கரத்தைத் தொடாமல், இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது பக்க வளையத்தை மட்டும் திருப்பணும். அம்மாவுக்குப் புரை எடுத்த கண்ணும் எடுக்காத கண்ணும் ரெண்டு திசை. வளையத்தைக் கிட்டத்தட்டக் கடைசி வரைக்கும் திருப்ப வேண்டியிருந்தது. வலது கண்ணில் இருக்கிற புரை மறையாது, ஆனால் ரெண்டு படமும் ஒண்ணாகச் சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாமக்கோழிக்குக் கண்ணு செவசெவன்னு இருக்குதே கண்ணு! சின்னதுல இருந்து இதுக நெத்தியில இருக்கற நாமத்தத்தான் பாத்துட்டு இருந்துருக்கறேன்" என்றாங்க.

நான் வாங்கிப் பார்த்தேன். ஆமாம், ரத்தச் சிவப்பு. கருப்பு உடம்பு, வெள்ளை மூக்கு, அதற்கு மேலே வெள்ளை நாமம், நடுவில் குன்றிமணி மாதிரிக் கண். எத்தனை தடவை இந்தக் குளத்து வழியாகப் போயிருப்பேன்!

வளையத்தில் ஒரு குறை. அதுக்குப் பூட்டு இல்லை. அம்மா கையிலிருந்து என் கைக்கு வந்தால் நான் திருப்புவேன், திரும்ப அம்மாவிடம் போனால் முதலிலிருந்து. வண்டியில் இருந்த ஊட்டுக்காரியின் நகப்பூச்சை எடுத்து அம்மாவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, எனக்கு ஒண்ணு வைத்தோம். ஊட்டுக்காரிக்கு நடு அளவே சரியாக இருந்தது. யோசனை அவளுடையது. இப்போது ஆளுக்கேத்த புள்ளியில் திருப்பி வைத்துவிட்டுக் கொடுக்கிறோம்.

நடுச் சக்கரத்தைப் பத்தி ஒரு கடைசல்காரன் பேச்சு. திருப்பினதும் உடனே பிடிக்கவில்லை. கொஞ்சம் வெறுமனே சுத்திவிட்டுத்தான் உள்ளே நகர்கிறது. எங்க பாஷையில் 'பிளே' இருக்கிறது. பழைய லேத்தில் ஸ்லைடு ஆடுகிற மாதிரி. நின்றுகொண்டிருக்கிற பறவைக்குப் பரவாயில்லை. பறக்கிற ஆலாவைப் பின்தொடர்ந்து பார்த்தால் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி எரிச்சல் வரும். இந்த விலைக்கு இதை மன்னிக்கலாமா என்றால், என் பட்டறையில் இப்படி ஒரு சக்கரம் செய்து கொடுத்தால் பில்லே பாஸ் ஆகாது.

கரை மேலேயே உக்காந்து இட்லியும் பொடியும் முடித்துவிட்டு உக்கடம் பெரியகுளம். அதைப் பத்திப் பெருசாகச் சொல்ல ஒண்ணுமில்லை. ஸ்மார்ட் சிட்டி வேலையில் நடைபாதை, விளக்கு எல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது, செல்ஃபிக் கூட்டமும் அதற்கேத்த மாதிரி. கூழைக்கடா ஏழெட்டு மிதந்தது. அவ்வளவு பெரிய பறவைக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை. பசங்க ரெண்டு பேரும் பஞ்சு மிட்டாய் கேட்டாங்க. இருபது நிமிசத்தில் கிளம்பிவிட்டோம்.

சிங்காநல்லூர்க் குளம் வேற மாதிரி. 2017-ல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர் காப்பிடமாக அறிவித்தது. திருச்சி ரோட்டில் லாரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே மரமும் நாணலுமாக அடர்ந்து கிடக்கும். சாக்கடை நாத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஊட்டுக்காரி சேலை முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனால் ஆகாயத்தாமரை மேல் நீலத் தாழைக்கோழி நடக்கிறதைப் பார்க்கணுமே! சிவப்பு மூக்கு, சிவப்புக் காலு, உடம்பெல்லாம் மயில்கழுத்துப் பட்டுச் சேலை மாதிரி நீலம். ஒத்தைக் காலால் தண்டைப் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்றது, நம்ம கரும்பு கடிக்கிற மாதிரி. முப்பது மீட்டரில் நின்றது, எட்டு மடங்கில் கால் விரல் கணுக் கணுவாகத் தெரிந்தது. நிறம் காட்டுவதில் இந்தப் பைனாகுலரைக் குறை சொல்ல முடியாது. தூரத்தில் வெறும் கருப்பாக இருந்த ஒரு அரிவாள் மூக்கன் வெயிலுக்குத் திரும்பினதும் செம்பும் பச்சையுமாக மின்னினது அப்படியே தெரிந்தது. வெள்ளைக் கொக்கை மட்டும் எதிர்வெயிலில் பார்த்தால் ஓரத்தில் மெல்லிசாக ஊதாக் கோடு ஓடுகிறது. தேடிப் பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும். நான் தேடிப் பார்க்கிற ஆள்.

பாப்பாவுக்கு அங்கேதான் ஒரு விளையாட்டு கிடைத்தது. முக்குளிப்பான் முங்கினதும் எண்ண ஆரம்பிக்கணும், அது எங்கே எப்போது எந்திரிக்கும் என்று பந்தயம். 14, 17, ஒரு தடவை 21. அதற்குப் பைனாகுலரும் வேண்டாம், 8,400-ம் வேண்டாம்.

மத்தியானம் கண்ணம்பாளையத்தில் மாமா வீட்டில் அரிசிம்பருப்பு, நெய், அப்பளம், மோர். அம்மாவும் மாமாவும் அந்தக் காலத்தில் சூலூர்க் குளத்தில் வாத்து முட்டை தேடிப் போய் அடி வாங்கின கதை. மாமா பைனாகுலரை வாங்கித் திருப்பிப் பிடித்துப் பார்த்து, "எல்லாரும் எம்புட்டு தூரம் போயிட்டீங்க" என்று சிரித்தார். பசங்க அதற்கப்புறம் ஒரு மணி நேரம் திருப்பிப் பிடித்துத்தான் பார்த்தாங்க.

மூணரைக்குச் சூலூர்ப் பெரிய குளம். மாமாவும் கூடவே வந்தார், ஆக ஆறு பேருக்கு ஒரு பைனாகுலர். இங்கே ஒரு மணி நேரத்தில் பார்த்தது மத்த மூணு குளத்திலும் சேர்த்துப் பார்த்ததைவிட அதிகம். புள்ளிமூக்கு வாத்து, தட்டைவாயன், ஊசிவால் நாலைந்து, ஓரத்துச் சேத்தில் பொரி உள்ளான், செங்காலோடு நெடுங்கால் உள்ளான், மஞ்சள்மூக்கு நாரை பத்துப் பன்னெண்டு. திடீரென்று அத்தனை வாத்தும் ஒரே சமயத்தில் எந்திரித்தது. தண்ணி முழுக்கச் சடசடவென்று சத்தம். மாமாதான் முதலில் பார்த்தார், "அக்கட்ட பாரு, பருந்து." சேத்துப் பூனைப்பருந்து ஒண்ணு நாணலுக்கு மேலே தாழப் பறந்து வந்தது. நான் கண்ணில் வைத்து, சக்கரத்தைத் திருப்பி, அந்தப் பிளே எல்லாம் தாண்டித் தெளிவாகிறதுக்குள் அது கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வெறும் கண்ணில் பார்த்த மாமாதான் நல்லாப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பையன் உண்மையைச் சொன்னான். "அப்பா, எனக்குக் காலையில இருந்தே ரெண்டு வட்டமாத்தான் தெரியுது." கேட்டால் திட்டுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். மனசு கஷ்டமாகப் போய்விட்டது. ஒரு நாள் பூராவும் ஒண்ணும் சரியாகத் தெரியாமலே ஆமா ஆமா என்று தலையாட்டியிருக்கிறான். திங்கக்கிழமை பட்டறைக்குக் கூட்டிப் போய் ஸ்கேல் வைத்து ரெண்டு கண்மணிக்கும் நடுவில் அளந்தேன். 53 மில்லிமீட்டர். பைனாகுலரை முழுக்க மடக்கிவிட்டு ரெண்டு கண் துவாரத்துக்கும் நடுவில் வெர்னியர் வைத்தால் 57. அதற்குக் கீழே போகாது. பாப்பாவுக்கு 50. ஆக இந்தப் பைனாகுலர் எங்க வீட்டுப் பசங்களுக்கு ஆகவே ஆகாது. அட்டையில் இந்த அளவு போட்டிருக்கிறது, கடைசி வரியில், எறும்பு எழுத்தில். எத்தனையோ அளந்தவன் இதை அளக்காமல் விட்டேன். பிள்ளைகளுக்கென்று வாங்குகிறவங்க வேற எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்க.

அஞ்சு மணிக்குத் தூத்தல் போட்டது. நனையாது, உள்ளே நைட்ரஜன் அடைத்திருக்கிறது, பனி படியாது என்று அட்டையில் இருந்ததை நம்பி வெளியிலேயே வைத்திருந்தேன். நம்பினது வீண் போகவில்லை. வெளிக் கண்ணாடியைத் துடைத்தால் போதும், உள்ளே துளிப் புகையில்லை. இருட்டிக்கொண்டு வருகிறபோதுதான் 42-க்கு அர்த்தம் தெரிந்தது. கொக்கும் அரிவாள் மூக்கனும் வரிசை வரிசையாக அடைய வந்தது. வெறும் கண்ணுக்குச் சாம்பல் பொட்டு. கண்ணாடியில் ஒவ்வொண்ணும் காலை மடக்கி, இறக்கையை விரித்து, கிளையைப் பிடிக்க முடியாமல் தடுமாறி, பக்கத்துப் பறவையோடு சண்டை போடுகிறது எல்லாம் தெரிந்தது. அம்மா கடைசி அரை மணி நேரம் யாருக்கும் கொடுக்கவில்லை. பாப்பா கேட்டதற்கு, "இரு அம்முணி, அதுக்கு எடம் கெடைக்கட்டும்" என்றாங்க.

மிச்சக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட வருகிற கழுத்துப் பட்டை வெறும் நாடா. 665 கிராமை ரெண்டு மணி நேரம் தொங்கவிட்டால் கழுத்தில் கோடு விழுகிறது. 250 ரூபாய்க்கு அகலப் பட்டை ஒண்ணு மாத்தினேன். முன் கண்ணாடி ரப்பர் மூடி ரெண்டில் ஒண்ணு சூலூர்க் கரையில் எங்கேயோ கழண்டு விழுந்துவிட்டது. தனியாகக் கிடைக்குமா என்று கம்பெனிக்கு மூணு தடவை போன் போட்டேன், ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் கம்ப்ளெயின்ட் நம்பர் கொடுத்தாங்க, மூடி வரவில்லை. கடைசியில் நைலான் கம்பியில் நானே ஒண்ணு கடைந்து போட்டுவிட்டேன். ஒரிஜினலைவிடப் பொருத்தமாக இருக்கிறது. மழைக்காலத்தில் துணிப் பையில் வைக்காதீங்க, கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வைக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், பெரியவங்களுக்கு வாங்கலாம். கண்ணாடி போடுகிறவங்களுக்கும், அம்மா மாதிரி ரெண்டு கண்ணும் ரெண்டு விதமாக இருக்கிறவங்களுக்கும் தாராளமாக. பறக்கிற பறவையைத் துரத்துகிறவங்க இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, சக்கரம் உடனே பிடிக்கிறதாகப் பார்த்து வாங்குங்க.

பசங்களுக்கு என்ன செய்தேன் என்றால், டிராயரில் கிடந்த அந்தச் செவப்புக் கண்ணாடியைத் திரும்ப எடுத்தேன். மடக்குகிற மாடல், 50-க்கும் கீழே வரைக்கும் மடங்குகிறது. ரெண்டாகத் தெரிகிற கோளாறு மட்டும்தான். வலது பக்கத்தைக் கருப்பு இன்சுலேஷன் டேப் போட்டு அடைத்துவிட்டேன். இப்போது அது ஒத்தைக் கண் தொலைநோக்கி, பாப்பா அதில்தான் போன வாரம் மீன்கொத்தி தலைகீழாக விழுந்ததைப் பார்த்தாள். பையனுக்கு அதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம். அடுத்த தடவை ஊட்டி போனால் 900 கொடுக்க மாட்டேன். வெர்னியரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேரம்.